அட்டைக் கை

நான் பார்சல் அலுவலகத்தில் எடை பார்க்கிறவள். காலை எட்டரையிலிருந்து ஐந்து மணி வரை, மேசைக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியையும் தூக்கித் தராசில் வைப்பேன். அனுப்புகிறவர் எழுதிய எடை ஒரு கட்டத்தில் இருக்கும். தராசு காட்டுவதை அடுத்த கட்டத்தில் நான் எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போனால் முத்திரை. ஒத்துப்போகாவிட்டால் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, கொண்டுவந்த ஆளைக் கூப்பிடுவேன். கூப்பிட்டதும் அவர் பெட்டியைப் பார்க்கமாட்டார், கூரையைப் பார்ப்பார். உள்ளே எழுதாத சாமான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. அண்ணி எனக்கு வைத்த பெயர் 'தராசு'. அண்ணன் வெளியூரில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். வீட்டில் அப்பா, அண்ணி, நான் மட்டும்.

அப்பா லாரி மெக்கானிக். போன வருடம் வயிற்றில் ஓர் அறுவை நடந்தது. தையல் போட்ட இடம் பலவீனப்பட்டுக் குடல் பிதுங்கத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை தேவை. அதுவரை பட்டறைப் பக்கம் போகக் கூடாது, ஒரு டயரைக்கூட உருட்டக் கூடாது. ஆனால் முதல் அறுவைக்குப் பிறகு அப்பா வற்றிப்போயிருந்தார். ஆறடி ஆள், ஐம்பத்தொன்று புள்ளி ஆறு கிலோ.

"இந்த உடம்புல கத்தி வச்சா காயம் ஆறாது. அம்பத்தி நாலு வரட்டும். ஆறு வாரம் டைம் தர்றேன். வரலன்னா இந்தத் தேதிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் டாக்டர்.

இரண்டு புள்ளி நான்கு கிலோ. நாற்பத்திரண்டு நாள். ஒரு நாளைக்கு ஐம்பத்தேழு கிராம். வெளியே வரும்போதே மனதுக்குள் வகுத்துவிட்டேன். பேருந்தில் இன்னொரு முறை வகுத்துப் பார்த்தேன். என் கணக்கை நான் ஒரு தடவையில் நம்புவதில்லை.

அந்த வாரமே ஊட்டச்சத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும், ஆறிலிருந்து ஏழரை வரை. ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறை, முழங்கால் இடிக்கும் பெஞ்சுகள். ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: "வீட்ல ஒருத்தர எடுத்துக்குங்க. அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு தினமும் எழுதணும். எழுதாதவங்க இங்க வர வேண்டாம்." எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். அன்று ஒரு பெட்டி எழுதியதைவிட நான்கு கிலோ கூடுதலாக இருந்து, அதற்காக ஒரு சண்டை. நான் போவதற்குள் பலகையை அழித்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். அவள் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதினேன். மருந்துச்சீட்டு படித்துப் பழகியவள், எல்லாமே சுருக்கம். 'ஒரு வேளைத் தட்டு: புரதம், சா. உள்ளங்கை 1. மாவுச்சத்து, சா. முஷ்டி 1. காய், சா. இரு கை. எண்ணெய், கொட்டை, சா. கட்டைவிரல் 1.' சுருக்கெழுத்து எனக்குப் பிடிக்காது. என் நோட்டில் முழுச்சொல்லாகவே எழுதிக்கொண்டேன்: சாதாரண உள்ளங்கை, சாதாரண முஷ்டி.

சாதாரணக் கைக்கு எங்கே போவது? அலுவலகத்தில் கொடுக்கும் கையுறையில் எனக்கு நடு அளவுதான் பொருந்தும். அதனால் பார்சல் அட்டை ஒன்றில் என் கையை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்தேன். முஷ்டியையும் பக்கத்திலேயே வரைந்தேன். சமையலறையில் அடுப்புக்கு வலப்பக்கம் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

"யாரு கை இது? கைரேகை பாக்குறவர் போர்டு மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"அளவு, அண்ணி. மீன் துண்டு இந்த உள்ளங்கை அளவு. சோறு இந்த முஷ்டி அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"சொன்னபடி கேக்கலன்னா இதாலயே அடிப்பியா?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் பேனாவோடு நோட்டைத் திறந்திருந்தேன். "நல்லா வெட்டியிருக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

காலையில் முட்டை, ரொட்டி, ஒரு பழம். மதியம் சோறு, பருப்பு, கீரை. மாலை கொண்டைக்கடலை. இரவில் மீன் அல்லது கோழி, உருளைக்கிழங்கு, தயிர். எதுவும் விசேஷமில்லை, எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைப்பவை. வேலைக்குப் போகுமுன் மதியத் தட்டையும் அளந்து மூடிவைத்துவிடுவேன். அப்பா ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தட்டைக் கழுவவே தேவையில்லாதபடி துடைத்துச் சாப்பிடுவார். நான் நோட்டில் எழுதுவேன்: 'முழுவதும் உண்டார்.' இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டினால் இந்த இரண்டு சொல்தான் கண்ணில் குத்துகிறது.

மூன்று வாரம் கழித்து எடை பார்த்தேன். ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று.

அரைக்கிலோ. முதலில் எடை இயந்திரத்தைச் சந்தேகித்தேன். ஐந்து கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. பிறகு முட்டைக்காரரை. பிறகு அப்பாவை. நான் வேலைக்குப் போன பிறகு மதியச் சோற்றைக் குப்பையில் கொட்டுகிறாரோ? ஒருநாள் திடீரென்று மதியமே வீட்டுக்கு வந்து குப்பைக் கூடையைக் கிளறினேன். வாழைப்பழத் தோலும் முட்டை ஓடும் மட்டும்தான். அண்ணி வாசலில் நின்று பார்த்தாள்.

"மோதிரம் ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப பசியா?"

நான் கையைக் கழுவிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனேன்.

ஆசிரியையிடம் கேட்டேன். "முதல்ல தட்டு, அப்புறம்தான் டப்பா" என்பது அவர் வழக்கம். "தட்டு சரியா இருந்தும் ஏறலன்னா டப்பால வர்ற புரத மாவு சேக்கலாம். ஆனா ஆஸ்பத்திரில உணவு ஆலோசகரக் கேக்காம வாங்காதீங்க, கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. தினமும் ஒரு கரண்டி, பாலில் கலந்து, என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்தார்.

டப்பா வாங்கப் போன கடையில் சுவர் முழுக்கப் பயில்வான்கள். எல்லாருக்கும் கழுத்தே இல்லை. கையை மடக்கவே முடியாத அளவுக்கு இறுக்கமான சட்டை போட்ட விற்பனைக்காரர் பெரிய டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்.

"மேடம், இது அம்பது கிராம் புரோட்டீன். ஒரே மாசத்துல ஆளே மாறிடுவாரு."

முன்பக்கத்தில் ஐம்பது என்று தலை அளவு எழுத்து. டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில்: நான்கு கரண்டி மாவும் அரை லிட்டர் பாலும் சேர்ந்தால் ஐம்பது. சேர்மானப் பட்டியலில் முதலில் நின்றது சர்க்கரை. எது அதிகமோ அதுதான் முதலில் வரும் என்று வகுப்பில் படித்திருந்தோம்.

"இதுல பாலோட புரதத்தையும் சேத்து எண்ணியிருக்காங்க. பால் எங்க வீட்லயே இருக்கு" என்றேன்.

அவர் இரண்டாவது டப்பாவைக் கொடுத்தார். அதில் 'சிறப்புக் கலவை' என்று போட்டு, எது எவ்வளவு என்று எழுதவே இல்லை. அதையும் திருப்பி வைத்தேன். மூடியின் சீல், காலாவதித் தேதி, பரிசோதனை முத்திரை, உற்பத்தி செய்தவரின் முகவரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன்.

"மேடம், நீங்க வாங்க வந்திருக்கீங்களா, ரெய்டுக்கு வந்திருக்கீங்களா?"

கடைசியில் பயில்வான் படமே இல்லாத ஒரு டப்பாவை எடுத்தேன். பாலிலிருந்து பிரித்த புரதம், கொஞ்சம் கோகோ, வேறொன்றுமில்லை. ஒரு கரண்டி முப்பது கிராம், அதில் இருபத்துநான்கு கிராம் புரதம். மொத்தம் முப்பத்துமூன்று கரண்டி. வீட்டுக்கு வந்ததும் உள்ளே இருந்த கரண்டியால் அள்ளி எடை போட்டுப் பார்த்தேன். முப்பதுதான். ஆனாலும் முழு நிம்மதி வரவில்லை. சரியாக இருக்கிற ஒன்றைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான்.

டப்பா திறந்த பன்னிரண்டாம் நாள், மிச்ச மாவை எடை பார்த்தேன். பன்னிரண்டு கரண்டி போக அறுநூற்று முப்பது கிராம் இருக்க வேண்டும். ஐந்நூற்றுப் பத்து இருந்தது. மூன்று முறை போட்டேன். ஐந்நூற்றுப் பத்துதான்.

நான்கு கரண்டியைக் காணோம்.

அண்ணியைக் கவனிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளாக அவளுக்கு முடி கொட்டுகிறது. புரதம் குறைந்தால் கொட்டும் என்று நானே சொல்லியிருந்தேன். மாலையில் அப்பாவுக்குப் பால் காய்ச்சுவது அவள்தான். நான் வகுப்புக்குப் போகும் நாட்களில் சமையலறை முழுக்க அவள் கையில். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் டப்பா மூடி 'டப்' என்று மூடும் சத்தம் கேட்டது. அண்ணி திரும்பி, கூரையைப் பார்த்தாள்.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன்.

"அண்ணி, டப்பால நாலு கரண்டி குறையுது."

"ஓ."

"வேணும்னா உங்களுக்குத் தனியா ஒண்ணு வாங்கித் தர்றேன். இது அப்பாவோட ஆபரேஷனுக்கு."

அண்ணி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தயிர்க் கிண்ணத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

"ஆமா, நான்தான் எடுத்தேன். எழுதிக்கோ. நாலு கரண்டி. கையெழுத்து போடணுமா, பெருவிரல் வச்சா போதுமா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"தராசுக்கு மனசு எதுக்கு? முள்ளு இருந்தா போதும்."

நான் நோட்டில் எழுதினேன்: 'அண்ணி, 4 கரண்டி.' அன்றிலிருந்து டப்பாவை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அண்ணி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். 'உப்பு தீந்துடுச்சு.' 'கேஸ் வந்துச்சு.' ஒருவேளை நான் தவறோ என்று படுக்கும்போதெல்லாம் தோன்றும். ஆனால் அவளே ஒப்புக்கொண்டாளே? ஒப்புக்கொண்டவர் முகம் இப்படியா இருக்கும்? ஒரே எடையை இரண்டு தராசு இரண்டு விதமாகக் காட்டுவதுபோல இருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை வீட்டில் எடை பார்த்தேன். ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு. எண்ணூறு கிராம் குறைவு.

"ஆஸ்பத்திரி மெஷின் வேற மாதிரி காட்டும்மா" என்றார் அப்பா. அன்று வெயில் நன்றாகவே அடித்தது. அப்பா பட்டறையில் போடும் கனத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்குக் குளிர்கிறது என்றார். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். என் பாட்டிலையும் கேட்டார்.

"தாகமாப்பா?"

"ம்."

நர்ஸ் கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா ஏறினார். ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு.

"பாஸ்!" என்றாள் நர்ஸ், சிரித்தபடி. "போய் உக்காருங்க, டாக்டர் வந்ததும் தேதிய உறுதி பண்ணிடலாம்."

நான் சிரிக்க முயன்றேன். காலையிலிருந்து ஒன்று புள்ளி ஆறு கிலோ. தண்ணீர் ஒரு கிலோ என்று வைத்தாலும் மிச்சம் அறுநூறு கிராம். சட்டை அவ்வளவா இருக்கும்? அப்பா வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். 'டங்' என்றது.

"பாக்கெட்ல என்னப்பா?"

"சாவி."

"சாவி இப்படிச் சத்தம் போடாது."

அப்பா கூரையைப் பார்த்தார்.

நான் அவர் சட்டையின் உள்பக்கம் கைவிட்டேன். கைக்குட்டையில் சுற்றி, முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர். லாரிச் சக்கரத்துக்குப் போடுவது. அதன் மேல் அவர் உடம்புச் சூடு ஏறியிருந்தது.

"வை உள்ள. நர்ஸ் பாக்குறா" என்றார் மெதுவாக.

"எதுக்குப்பா?"

"தேதி போயிடும்ல. நீ ஆறு வாரமா ராப்பகலா நோட்டு எழுதின. அது தப்புன்னு ஆயிடக் கூடாதுல்ல."

அந்த நிமிடம் என்ன செய்வது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பேசாமல் இருந்தால் தேதி நிற்கும். என் நோட்டும் ஜெயித்துவிடும். ஆனால் அறுவை மேசைமேல் படுக்கப்போவது ஸ்பேனர் இல்லையே. ஆறாத காயத்தைப் போன வருடம் நானே பஞ்சு வைத்துத் துடைத்திருக்கிறேன். எழுந்து போய் ஸ்பேனரை நர்ஸின் மேசைமேல் வைத்தேன்.

"இதையும் சேத்து எடை போட்டுட்டீங்க. தண்ணி ஒரு லிட்டர் தனி."

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "கல்லு வச்சவங்களப் பாத்திருக்கேன். இது புதுசு" என்றாள்.

டாக்டர் திட்டினார், ஆனால் முழு மனதோடு இல்லை. தேதி போயிற்று. நான்கு வாரம் கழித்து இன்னொரு தேதி, அதே நிபந்தனை. உணவு ஆலோசகரையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அப்பாவிடம் கேட்டேன்.

"எல்லாம் அளந்துதானே போட்டேன். எங்கப்பா தப்பு?"

அப்பா என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கைமேல் வைத்தார். என் விரல்நுனி அவருடைய விரலின் மேல்கணுவுக்குக்கூட எட்டவில்லை. என் கையைச் சுற்றி நான்கு பக்கமும் அவர் கை தெரிந்தது. தட்டின் நடுவில் வைத்த சின்னக் கிண்ணம் போல.

"உன் கை பன்னெண்டாம் நம்பரு. என்னது பத்தொம்பது. பன்னெண்டு ஸ்பேனர வச்சிக்கிட்டு பத்தொம்பது நட்டக் கழட்டச் சொன்னா எப்படிம்மா?"

"முதல் நாளே தெரியுமா?"

"அட்டையப் பாத்ததும் தெரிஞ்சுது. படிச்சிட்டு வந்து சொல்ற, ஒருவேள அப்படித்தான் இருக்குமோன்னு நெனச்சேன். அப்புறம் பசிச்சப்ப சொல்லலாம்னு பாத்தா, நீ பேனாவோட நிக்கிற."

"பசிச்சுதா?"

"கொஞ்சம்" என்றார். பிறகு, "நல்லாவே" என்றார். "உங்க அண்ணி கண்டுபிடிச்சிட்டா. நாலு நாளு பால்ல இன்னொரு கரண்டி போட்டா. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீ பூட்டினதுக்கு அப்புறம் பாவம், பால்ல ரொட்டிய ஊறவச்சிக் குடுப்பா."

ஆலோசகர் விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கைவைத்தார். "கேக்காம மாவக் கூட்டுனது தப்பு. ஆனா பெரிய தப்பு தட்டுலதான். கை அளவு ஏன் சொல்றோம்? பெரிய உடம்புக்குப் பெரிய கை இருக்கும்னுதான். சாப்பிடுறவர் கையத்தான் பாக்கணும். இவருக்கு எடை வேற ஏறணும், அதனால நடுவுல ஒரு வேள கூடுதலாக் குடுங்க. டப்பா ஒரு கரண்டி போதும்."

சாப்பிடுகிறவர். சா.

வியாழக்கிழமை வகுப்பில் மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். "ஆமா, சாப்பிடுபவர் உள்ளங்கை. வேற என்ன?" என்றாள். வேறு என்ன இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் முட்டைக்காரரை, எடை இயந்திரத்தை, குப்பைக் கூடையை, கடைக்காரரை, அண்ணியைச் சந்தேகித்திருக்கிறேன். என் கூட்டலை மூன்று முறை பார்த்திருக்கிறேன். என் கையை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மாலையே அட்டைக் கையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். அலமாரிச் சாவியை அண்ணி முன்னால் வைத்தேன்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?" என்றாள். காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நாலு கரண்டிக்கு."

"அஞ்சு. ஒண்ணு நானும் குடிச்சுப் பாத்தேன். சுண்ணாம்பு மாதிரி இருக்கு, உங்கப்பா எப்படித்தான் குடிக்கிறாரோ."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். டப்பாவில் காணாமல் போனது நூற்று இருபது கிராம்தான், நான்குக்கு மேல் இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "பாரு, பாரு, மன்னிப்புக் கேக்குறப்பவே உள்ள முள்ளு ஆடுது! சும்மா சொன்னேண்டி. போ, போய் கத்திரிக்கோல எடு."

புதிய அட்டையில் அப்பா கையை வைத்தார். நான் பென்சிலால் சுற்றி வரையத் தொடங்கினேன்.

"விரல விரிக்காதீங்கப்பா."

"விரிக்கலம்மா."

"விரிக்கிறீங்க. கட்டைவிரல உள்ள வைங்க."

"மாமா, விடாதீங்க, இன்னும் கொஞ்சம் விரிங்க" என்றாள் அண்ணி.

நோட்டில் 'முழுவதும் உண்டார்' என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் கோடு போட்டேன்: 'போதுமா என்று கேட்டேன்.' முதல் வாரம் அந்தக் கட்டத்தில் தினமும் 'இல்லை' என்றே எழுத வேண்டியிருந்தது.

நான்கு வாரம் கழித்து மறுபடி அதே கூடம், அதே நர்ஸ். அப்பா மெல்லிய சட்டை போட்டிருந்தார். கேட்பதற்கு முன்பே இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார், நாய்க்காது மாதிரி தொங்கின. இயந்திரத்தில் ஏறினார்.

ஐம்பத்து நான்கு புள்ளி மூன்று.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "ஒரு நிமிஷம்" என்றேன். பையிலிருந்து முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். முந்தின நாள் அலுவலகத் தராசில் போட்டுப் பார்த்திருந்தேன், அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம். இயந்திரம் சரியா என்று பார்க்க, ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவை மறுபடி ஏறச் சொன்னேன்.

ஐம்பத்து நான்கு புள்ளி ஒன்பது.

"இப்ப ஸ்பேனரக் குடுத்துடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். எண் மறுபடி புள்ளி மூன்றுக்கு இறங்கி நின்றது.

"இப்ப எழுதுங்க, சிஸ்டர்."